அறக்கல் பீவிமார்: மூத்தவரைச் சேரும் ஒரு சிறிய அரசு

உயர்தர வகுப்பில் ஐரோப்பிய வரலாறு நடந்துகொண்டிருந்தது. 1871இல் ஒரே பேரரசாவதற்கு முன்னர் ஜெர்மனி எத்தனை துண்டுகளாகக் கிடந்தது என்பதை விளக்கிய எங்கள் ஆசிரியை, பாடநூலில் இல்லாத ஒரு துண்டைப் பற்றியும் சொன்னார். வடகடலோரத்தில் ஜெவர் என்றொரு சின்னஞ்சிறு நாடு. அதன் பிரபு 1511இல் இறந்தார். ஒரே மகன் 1517இல் இறந்தான். எஞ்சியிருந்தவர்கள் பெண்மக்கள் மட்டுமே. அவர்களுள் மரியா என்பவர், பக்கத்து நாட்டுக் கோமகன் தம் நாட்டை விழுங்கிவிடாமல் தடுத்து நின்று, 1575இல் இறக்கும்வரை ஆண்டார். மணம் செய்துகொள்ளவில்லை. அவருக்குப் பின் நாடு ஓல்டன்பர்க் பிரபுவிடம் போயிற்று. மரியா இறக்கவில்லை, எங்கோ மறைந்திருக்கிறார், ஒரு நாள் வருவார் என்று அவ்வூரில் ஒரு கதை உண்டாம். அவருக்காக இன்றும் இரவில் மணி அடிக்கிறார்களாம்.

"இது அவர்கள் கடல். நம்முடைய இந்துசமுத்திரத்தில் இப்படி ஒரு சிறிய நாடும் அதை ஆண்ட பெண்ணும் உண்டா? இரண்டு வாரத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார் ஆசிரியை.

"றஸியா சுல்தானா, டீச்சர்!" நான்தான் முதலில் கை தூக்கினேன்.

"டில்லி சிறிய நாடா, மகள்?"

வகுப்பே சிரித்தது. அந்த வெட்கத்தோடு வத்தளை பஸ்ஸில் ஏறியவள், அடுத்த சனிக்கிழமையே கொழும்புப் பொதுநூலகத்தில் போய் உட்கார்ந்தேன். மலபாரில் கலெக்டராக இருந்த வில்லியம் லோகன் 1887இல் வெளியிட்ட மலபார் கையேட்டில்தான் முதன்முதலாக அந்தப் பெயரைக் கண்டேன். கண்ணூர் அறக்கல் பீவி.

தோழியரே, கண்ணூர் இன்றைய கேரளத்தின் வடபகுதியில் உள்ள துறைமுக நகரம். அங்கு கோலத்திரி என்னும் இந்து அரசரின் ஆட்சிக்குள்ளேயே, கடலை ஒட்டி, ஒரு முஸ்லிம் குடும்பம் தனி அரசாக வளர்ந்தது. கேரளத்தில் ஆண்ட ஒரே முஸ்லிம் அரச குடும்பம் அதுதான். ஆண் ஆண்டால் அவர் அலி ராஜா. பெண் ஆண்டால் அவர் அறக்கல் பீவி. 'அலி ராஜா' என்ற பெயரை 'ஆதி ராஜா' என்று எழுதுவோரும் உண்டு. அது 'ஆழி ராஜா', அதாவது கடலரசர் என்பதன் திரிபு என்போரும் உண்டு. தமிழ் படிக்கும் எனக்கு மூன்றாவதே பிடித்தது. அவர்களுடைய நாட்டில் நிலம் மிகக் குறைவு. கண்ணூர் நகரத்தின் ஒரு பகுதி, அதற்கு அப்பால் அரபிக்கடலில் இலட்சத்தீவுகள், அவ்வளவுதான். இலட்சத்தீவுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் 32 சதுர கிலோமீற்றர். எங்கள் கொழும்பு மாநகர எல்லை 37 சதுர கிலோமீற்றர் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆனால் அந்த 32ஐச் சுற்றியிருந்த கடலோ பெரிது.

குடும்பத்தின் தோற்றம் பற்றி இரண்டு கதைகள் சொல்லப்படுகின்றன. கோலத்திரியின் அமைச்சராக இருந்த நாயர் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவி முகம்மது அலி என்று பெயர் பெற்றார், அவர் வழிவந்தவர்களே அறக்கல் குடும்பம் என்பது ஒன்று. மற்றது கதைப்பிரியர்களுக்கானது. ஆற்றில் மூழ்கப்போன கோலத்திரி இளவரசியை ஒரு முஸ்லிம் வாலிபன் கைகொடுத்துக் காப்பாற்றித் தன் துணியை உடுக்கக் கொடுத்தான். அக்கால வழக்கில் பெண்ணுக்கு உடுதுணி கொடுப்பது மணம் செய்வதற்குச் சமம். ஆகவே அரசர் மகளை அவனுக்கே மணம் செய்து கொடுத்து, நிலமும் ஒரு கோவிலகமும் அளித்தார். இரண்டும் வாய்மொழிக் கதைகள்தாம். ஆனால் இரண்டாவது கதையில் ஒன்றைக் கவனித்தேன். அரசுரிமை அந்த வாலிபனோடு வரவில்லை. இளவரசியோடு வந்தது.

இங்கேதான் நான் முதலில் பிழை விட்டேன். ஜெவர் மரியாவை மனத்தில் வைத்துக்கொண்டு, "ஆண் வாரிசு இல்லாமற்போனதால் பெண்கள் ஆண்டனர்" என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிட்டேன். மேலும் வாசித்தபோது அதை வெட்ட வேண்டி வந்தது. அறக்கலில் ஆண்கள் தாராளமாக இருந்தார்கள். வடமலபாரின் மருமக்கத்தாய முறையையே அக்குடும்பம் பின்பற்றியது. தாய்வழியில் பிறந்த அத்தனை பேரும் ஒரே தறவாடு. அவர்களுள் வயதில் மூத்தவர் யாரோ அவரே தலைவர். அவர் ஆணா பெண்ணா என்ற கேள்வி எழுவதேயில்லை. தம்பியைவிட அக்கா மூத்தவர் என்றால் அக்காதான் ஆட்சி. அலி ராஜாவின் சொந்த மகன் அவருக்குப் பின் ஆள முடியாது. அவன் தன் தாயின் தறவாட்டைச் சேர்ந்தவன்.

மரியா ஆண்டது ஒரு விபத்து. பீவி ஆண்டது ஒரு கணக்கு.

நம் மாணவியர் பலர் கேட்கப்போகும் கேள்வியை நானும் கேட்டேன். இது மார்க்கச் சட்டமா? இல்லை. சரீஅத்தின்படி ஒருவருடைய சொத்து அவர் மௌத்தானபின் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்று வரையறுத்த பங்குகளாகப் பிரியும். தறவாட்டுச் சொத்தோ பிரியாமல் தலைமுறை தலைமுறையாக ஒன்றாகவே கிடக்கும். அது மலபார் மண்ணின் வழக்கம். அங்கு வந்த இஸ்லாம் அதோடு பல நூற்றாண்டுகள் ஒட்டி வாழ்ந்தது. அவ்வழக்கு சரியா என்ற விவாதம் அங்கேயே எழுந்து, சென்னை மாகாணச் சட்டசபை 1939இல் தனிச் சட்டம் ஒன்றே கொண்டுவந்து, தறவாட்டுச் சொத்தைப் பிரித்துக்கொள்ள மாப்பிளை முஸ்லிம்களுக்கு வழி செய்தது.

எனக்கு இந்த வழக்கம் அவ்வளவு அந்நியமாகப் படவில்லை. என் உம்மாவின் ஊர் அக்கரைப்பற்று. அங்கே ஒருவர் எந்தக் குடி என்று கேட்டால் உம்மாவின் குடியைத்தான் சொல்வார்கள். பள்ளிவாசல் மரைக்காயர்மாரும் குடிவாரியாகவே தெரிவு செய்யப்பட்டு வந்தவர்கள். வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணத்தின் பின் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். அறக்கலைப் பற்றி நான் மூத்தம்மாவிடம் சொன்னபோது, "இதுல என்ன புதினம்? ஊடு பொம்புளப் புள்ளைக்கித்தானே" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். அந்த வீட்டைக் கட்டுவதற்காக என் மாமாமார் இருவரும் தங்கள் வாலிபத்தை வளைகுடாவில் கழித்ததை மூத்தம்மா சொல்லவில்லை. அது வேறு கட்டுரைக்கான விடயம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். போர்த்துக்கேயர் 1505இல் கண்ணூரில் கோலத்திரியின் அனுமதியோடு கோட்டை ஒன்று கட்டினர். கட்டுவித்தவர் பிரான்சிஸ்கோ டி அல்மேதா. அவருடைய மகன் லொரன்சோ டி அல்மேதாவை நாங்கள் ஆறாம், ஏழாம் வகுப்பிலிருந்தே அறிவோம். புயலில் அகப்பட்டுக் கொழும்புக்கு வந்து சேர்ந்தவர். தந்தை கண்ணூரில் கோட்டை கட்ட, மகன் எங்கள் கறுவாவைக் கண்டுகொண்டார். அந்தக் காலத்தில் மாலைதீவுக்கும் மலபாருக்கும் இடையே தும்புக் கயிறு, சோழி, மாசி ஆகியவற்றின் வியாபாரத்தை நடத்தியவர்களில் பெரியவர் கண்ணூர் மம்மாலி. போர்த்துக்கேயருக்குக் கயிறு வேண்டும். கயிறு இல்லாமல் கப்பல் இல்லை. மம்மாலியிடமோ கயிறு இருந்தது. அறக்கல் குடும்பத்தின் செல்வம் இந்தக் கயிற்றில்தான் திரிக்கப்பட்டது. கோலத்திரியும் 16ஆம் நூற்றாண்டில் இலட்சத்தீவுகளின் ஆட்சியை அவர்களிடமே விட்டார்.

போர்த்துக்கேயருக்குப் பின் ஒல்லாந்தர். 1663இல் கொச்சியையும் கண்ணூரையும் பிடித்த படையெடுப்பின் தலைவர் ரைக்லொப் வான் கூன்ஸ். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தவரும் அவரே. எங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களாகப் படிப்பவை கடலில் ஒரே கதையாக இருந்திருக்கின்றன. ஒல்லாந்தருக்குக் கண்ணூர்க் கோட்டை நாளடைவில் செலவுச் சுமையாகிவிட்டது. 1772இல் அதை அலி ராஜாவுக்கே ஒரு இலட்சம் ரூபாவுக்கு விற்றுவிட்டார்கள். ஐரோப்பியர் கோட்டையைப் பிடுங்குவதைத்தான் படித்திருக்கிறோம். விற்பதையும், அதை ஊர்க்காரர் விலைக்கு வாங்குவதையும் நான் இங்கேதான் கண்டேன்.

வாங்கியவர் குஞ்ஞி அம்ஸா அலி ராஜா. 1745 முதல் 1777 வரை ஆண்டவர். துணிச்சலான ஆள். 1752இல் அவருடைய ஆட்கள் மாலைதீவில் இறங்கி, சுல்தான் மூன்றாம் முகம்மது இமாதுத்தீனைச் சிறைபிடித்துக் கொண்டுபோனார்கள். மாலே சில மாதங்கள் அவர்கள் கையில் இருந்தது. ஹஸன் மணிக்குபான் என்பவரின் தலைமையில் மாலைதீவு மக்கள் அவர்களை விரட்டினர். பின்னர் அவரே சுல்தானார். மாலைதீவுச் சுல்தான்கள் ஆண்டுதோறும் கொழும்பிலிருந்த ஒல்லாந்தத் தேசாதிபதிக்குத் தூதுவரையும் காணிக்கைப் பொருள்களையும் அனுப்பி வந்தவர்கள். ஆகவே கண்ணூரில் நடப்பதை அறிந்துகொள்ளக் கொழும்பு கோட்டையும் காது கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கும். 1766இல் ஹைதர் அலி மலபாருக்குள் படையோடு நுழைந்தபோது அலி ராஜா அவர் பக்கம் நின்றார். அறக்கல் தன் பெயரில் வெள்ளி நாணயமும் அடித்தது. ஒரு ரூபாவில் ஐந்தில் ஒரு பங்கு பெறுமதி. சிறிய நாட்டுக்குச் சிறிய காசு.

குஞ்ஞி அம்ஸாவுக்கு முன்னரே இரண்டு பெண்கள் ஆண்டிருந்தனர். 1728 முதல் 1732 வரை ஹராபிச்சி கடவூபி, பின் 1745 வரை முதலாம் ஜுனும்மா பீவி. ஆனால் உண்மையான பீவிமார் காலம் அவருக்குப் பின்னரே வருகிறது. 1777இல் இரண்டாம் ஜுனும்மா பீவி தலைமைக்கு வந்தார். 1819 வரை, 42 ஆண்டுகள். அவருக்குப் பின் மரியும்மா பீவி 1838 வரை. அதன்பின் ஆயிஷா பீவி. ஆக, இடைவெளியில்லாமல் மூன்று பெண்கள். ஐரோப்பாவின் சிறு நாடுகள் பலவற்றில் பெண் ஆள்வதையே சட்டம் தடுத்திருந்த காலம் அது. நம் கடலில் இது ஒரேயொரு உதாரணமுமல்ல. மாலைதீவில் இப்னு பதூதா காழியாக இருந்தது சுல்தானா கதீஜாவின் காலத்தில். சுமாத்ராவின் ஆச்சே நாட்டை 1641 முதல் 1699 வரை நான்கு சுல்தானாக்கள் அடுத்தடுத்து ஆண்டனர். போபாலில் பேகம்களின் ஆட்சி தொடங்கியதும் 1819இல்தான், ஜுனும்மா பீவி மறைந்த அதே ஆண்டில்.

ஜுனும்மா பீவிதான் என் கட்டுரையின் நாயகி என்று முடிவு செய்தேன். என்னென்ன புயல்களைத் தாங்கியவர் என்று பாருங்கள். 1783 டிசெம்பரில் ஆங்கிலேயப் படை கண்ணூரைப் பிடித்தது. 1784 மங்களூர் உடன்படிக்கையின் பின் திரும்பக் கொடுத்தது. திப்பு சுல்தான் 1789இல் கண்ணூருக்கு நேரில் வந்து, தம் மகன் அப்துல் காலிக்குக்குப் பீவியின் மகளைப் பேசிச் சடங்கும் நடத்தினார். அந்த அப்துல் காலிக்தான் மூன்று ஆண்டுகளுக்குப் பின், திப்பு தோற்றபோது, ஆங்கிலேயரிடம் பணயமாக ஒப்படைக்கப்பட்ட இரு சிறுவர்களுள் மூத்தவன். 1790 டிசெம்பரில் ஜெனரல் அபர்குரொம்பி கண்ணூரை முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது. திப்புவோடு சேர்ந்த மற்றவர்களெல்லாம் அழிந்துபோன இடத்தில் பீவி அழியவில்லை. ஆறு ஆண்டுகள் பேசிப் பேசி, 1796இல் கம்பனியோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். ஆண்டுக்கு 15,000 ரூபா செலுத்தினால் கண்ணூரிலுள்ள வீடும் நிலமும் வியாபாரமும் தீவுகளும் அவரிடமே இருக்கும். கோட்டை மட்டும் போயிற்று. ஒரு முதிய பெண்மணி, மைசூருக்கும் கம்பனிக்கும் நடுவில் நின்று, கையில் உள்ளதில் பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொண்டார் என்று பெருமையோடு எழுதினேன்.

அப்புறம் 1787 என்ற ஆண்டு குறுக்கே வந்தது.

அந்த ஆண்டில் வடக்குத் தீவுகளான அமினி, கடமத், கில்தான், சேத்லாத் ஆகியவற்றின் மக்கள் அறக்கல் ஆட்சிக்கு எதிராகக் கிளம்பி, எங்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று திப்புவிடம் போய்விட்டார்கள். அத்தீவுகள் திப்புவுக்குப் போய், 1799இல் அவர் வீழ்ந்தபின் கம்பனியிடம் சேர்ந்தன. அறக்கலுக்குத் திரும்பவேயில்லை. நான் யாரை நாயகி என்று எழுதினேனோ, அவருக்கு எதிராகத்தான் அந்த மக்கள் எழுந்தார்கள். முஸ்லிம் மக்கள், முஸ்லிம் ஆட்சியாளருக்கு எதிராக. காரணம் மீண்டும் அந்தக் கயிறுதான்.

தீவுகளில் நெல் விளையாது. தென்னை மட்டுமே. தீவாருக்குச் சோறு வேண்டுமானால் கரையிலிருந்து அரிசி வர வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அறக்கல் அரண்மனை கயிற்றைத் தன் ஏகபோகமாக்கியது. அதாவது தீவார் தங்கள் கயிற்றை வேறெவருக்கும் விற்கக்கூடாது. கண்ணூருக்குக் கொண்டுவந்து அரண்மனைக்கே கொடுக்க வேண்டும். விலையாகப் பணம் கிடைக்காது, அரிசி கிடைக்கும். கயிற்றின் விலையையும் அரண்மனையே வைக்கும், அரிசியின் விலையையும் அரண்மனையே வைக்கும். இரண்டு விலையும் ஒரே கையில் இருந்தால் அளவு எப்படி இருக்கும் என்பதைக் கடைக்குப் போய்வரும் எவரும் ஊகிக்கலாம். சோழி, ஆமையோடு, அம்பர் ஆகியவற்றிலும் அரண்மனைக்கே உரிமை. தீவுகளில் பீவியின் பெயரால் ஆண்டவர்கள் காரியக்காரர்கள் என்ற அதிகாரிகள். அவர்களுடைய கெடுபிடி தனி.

அந்தக் கயிற்றை யார் திரித்தார்கள்? பெண்கள். பொச்சுமட்டையைக் கடலோரக் குழிகளில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, எடுத்து, கட்டையால் அடித்துத் தும்பு பிரித்து, உள்ளங்கையில் வைத்துத் திரிப்பது தீவுப் பெண்களின் வேலை. ஆண்கள் ஓடமேறிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். ஊறிய மட்டையின் நாற்றம் எப்படிப்பட்டது என்பதைத் தென்கரையோரம் காலிப் பக்கம் பயணம் செய்தவர்கள் அறிவார்கள். ஆக, கண்ணூரில் ஒரு பெண் அரியணையில் இருந்தார். அந்த அரியணையின் வருமானம் அரபிக்கடலின் நடுவில் மட்டை அடித்த நூற்றுக்கணக்கான பெண்களின் கையிலிருந்து வந்தது.

இரண்டு நாள் கட்டுரையைத் தொடவில்லை. ஆசிரியையிடம் போய், "வேறு ஆளை எழுதட்டுமா, டீச்சர்? இவர் அவ்வளவு நல்லவராக இல்லை" என்று கேட்டேன்.

"ஹைதர் அலியைப் படித்தபோது அவர் நல்லவரா என்று கேட்டாயா?"

"இல்லை, டீச்சர்."

"அப்படியென்றால் பீவியை மட்டும் ஏன் கேட்கிறாய்? அவர் ஓர் அரசர். அரசரை எழுதுவதுபோல எழுது."

ஆகவே அப்படியே எழுதுகிறேன். ஜுனும்மா பீவி தம் குடும்பத்தின் உடைமையைக் காப்பதில் கெட்டிக்காரர். தீவு மக்களுக்கு அவர் நல்ல அரசர் அல்லர். குஞ்ஞி அம்ஸாவிடமிருந்து வந்த ஏகபோகத்தை அவர் அப்படியே வைத்துக்கொண்டார். அவருக்குப் பின் வந்த கம்பனிக்கும் அதே ஏகபோகம் இனிக்கவே செய்தது. கையில் வந்த வடக்குத் தீவுகளில் கயிற்றுக்குப் பதில் அரிசி என்ற முறையை அதுவும் தொடர்ந்தது.

மீதிக் கதை போர்க்களத்தில் நடக்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் நடந்தது. தெற்குத் தீவுகளான அகத்தி, கவரத்தி, ஆந்த்ரோத், கல்பேனி, மினிக்கோய் ஆகியவை இன்னும் பீவியிடம் இருந்தன. 1847 ஏப்ரலில் கடும் புயலொன்று கல்பேனியையும் ஆந்த்ரோத்தையும் தாக்கியது. தென்னைகள் சாய்ந்தன. தென்னை சாய்ந்தால் அங்கே எல்லாம் சாய்ந்தது. அப்போது ஆட்சியில் இருந்தவர் ஆயிஷா பீவி. நிவாரணத்துக்குக் கம்பனி பணம் கொடுத்தது. கொடுத்த பணம் கடனாக நின்றது. கடன் வட்டியோடு வளர்ந்தது. கயிறோ வரவில்லை, நட்ட தென்னை காய்க்க ஆண்டுகள் எடுக்கும். பாக்கிக்காக 1854இல் தீவுகளின் நிர்வாகத்தைக் கம்பனி எடுத்துக்கொண்டது. கடனைத் தீர்த்து 1861இல் திரும்பப் பெற்றார்கள். பிறகும் பாக்கி விழுந்தது. 1875இல் பிரித்தானிய அரசு மீண்டும் எடுத்தது. இம்முறை விடவில்லை.

விடாததற்குக் கொழும்பும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் சொந்த எண்ணம். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின், ஏடனிலிருந்து கொழும்புக்கு வரும் கப்பல்கள் மினிக்கோய்த் தீவை ஒட்டியே வந்தன. 1885இல் அங்கே உயரமான வெளிச்சவீடு ஒன்றைப் பிரித்தானியர் கட்டினர். அந்த ஒளியைக் கண்டபின்தான் மாலுமிகள் கொழும்பை நோக்கித் திரும்பினார்கள். அப்படியொரு தீவைக் கடனில் மூழ்கிய ஒரு குடும்பத்திடம் யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

1907இல் அறக்கல் தலைமைக்கு வந்தவர் இம்பிச்சி பீவி. அடுத்த ஆண்டே, 1908இல், தீவுகள் மீதான எல்லா உரிமையையும் பிரித்தானிய அரசுக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் கையொப்பமிட்டார். பதிலாக, பழைய பாக்கிகள் தள்ளுபடி, ஆண்டுக்கு 23,000 ரூபா மாலிக்கானா என்னும் உபகாரப் பணம், 'சுல்தான்' என்ற பட்டம். நாடு இருந்தபோது ராஜா, நாடு போனபின் சுல்தான்! இந்த இடத்தில் வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 33 ஆண்டுகளாகக் கைக்கு வராத தீவுகளுக்கு அந்தப் பெண்மணி என்ன விலை கேட்டிருக்க முடியும்? 1911இல் அவர் காலமானார்.

ஆட்சிக்காலங்கள் இப்படிக் குறுகிக்கொண்டே வந்ததற்கும் அந்தப் பழைய கணக்கே காரணம். குடும்பத்தில் மூத்தவர்தான் தலைவர் என்றால், தலைமை வரும்போது அவருக்கு வயது எழுபது, எண்பது ஆகியிருக்கும். ஜெவர் மரியா சிறுமியாக நாட்டைப் பெற்றார். அறக்கல் பீவிமாரில் பலர் பூட்டியாகிய பின் பெற்றவர்கள். வரலாற்றுப் புத்தகங்களில் நாம் பார்க்கும் இளவரசிகளின் படத்தை மறந்துவிட்டு, உங்கள் மூத்தம்மாவைப் பெட்டகச் சாவியோடு நினைத்துப் பாருங்கள். அதுதான் அறக்கல் பீவி.

1947க்குப் பின்னரும் அந்த 23,000 ரூபா தொடர்ந்தது. 1956இல் தீவுகள் இந்தியாவின் ஒன்றியப் பிரதேசமாயின. கண்ணூரில் ஆயிக்கரைக் கடற்கரையருகே இருந்த அறக்கல் அரண்மனையின் தர்பார் மண்டபத்தைக் கேரள அரசு பழுதுபார்த்து, 2005இல் நூதனசாலையாகத் திறந்தது. பழைய பத்திரங்கள், மரப்பெட்டகங்கள், வாள்கள் அங்கே இருக்கின்றன. தீவுகளுக்கு இன்று எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் குடும்பத் தலைமை மட்டும் அதே முறையில் போய்க்கொண்டிருக்கிறது. 2021இல் தலைவியாக இருந்த பீவி ஒருவர் காலமானார். அடுத்த மூத்தவர் ஓர் ஆண். அவர் பொறுப்பை ஏற்றார்.

ஒப்படையைக் கொடுத்த வாரம் விடுமுறை வந்தது. அக்கரைப்பற்றுக்குப் போயிருந்தேன். மூத்தம்மா சம்பலுக்கு மாசி இடித்துக்கொண்டிருந்தார். மினிக்கோய் மக்கள் மாலைதீவு மொழியின் கிளையொன்றைப் பேசுபவர்கள், அவர்களும் இதே மாசியைத்தான் செய்கிறார்கள், அதுவும் ஒரு காலத்தில் பீவியின் ஓடங்களில் போயிருக்கும் என்று கதையை முடித்தேன்.

"இப்ப ஆரு அங்க மூத்தவ?"

"இப்ப ஒரு ஆம்பிளை, மூத்தம்மா."

இடிப்பது நின்றது. "அவருக்குப் பொறகு?"

"மூத்தவர் யாரோ அவர். ஆணென்றாலும் சரி, பெண்ணென்றாலும் சரி."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு உலக்கையை எடுத்தார்.